சீன ஒருநிறப் பீங்கான்களும் அவற்றைச் சேகரித்தோரும்

ஒருநிறப் பீங்கான் என்பது ஓவியமோ பலவண்ண அலங்காரமோ இன்றி, ஒரே நிற மெருகுப்பூச்சால் மட்டும் மூடப்பட்ட பீங்கான் கலத்தைக் குறிக்கும். வெண்மை, இளம்பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு, கருமை எனப் பல நிறங்களில் சீனாவில் இவை செய்யப்பட்டன. உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இன்று இவை தனி இடம் பெற்றுள்ளன. சீனக் கலைப்பொருள்களில் மிக உயர்ந்த ஏல விலை பெற்றவற்றுள்ளும் இவை உண்டு.

இக்கலங்களில் படம் இல்லை, கதை இல்லை, பெரும்பாலானவற்றில் செய்தவர் பெயரும் இல்லை. எனவே இவற்றின் மதிப்பு இரண்டு சான்றுகளை நம்பி நிற்கிறது. ஒன்று, பார்ப்பவரின் தேர்ந்த கண். மற்றொன்று, கலம் யார் யார் கையில் இருந்தது என்ற வரலாறு. அந்த வரலாறு சோங் அரண்மனையில் தொடங்கி, பேரரசுகளின் வீழ்ச்சி, அடகுக் கடன், போர், ஏலம் ஆகியவற்றின் ஊடாக இன்றுவரை தொடர்கிறது.

நிறமும் நெருப்பும்

பீங்கான் கலத்தின் நிறத்தைத் தீர்மானிப்பவை மூன்று: மெருகில் கலந்த உலோகம், சூளையின் வெப்பம், சூளைக்குள் புகும் காற்றின் அளவு. மெருகில் மிகச் சிறிதளவு இரும்பு கலந்து, காற்று குறைந்த சூளையில் சுட்டால் இளம்பச்சை அல்லது நீலப்பச்சை கிடைக்கும். ஐரோப்பியர் செலடன் என்று அழைத்தது இவ்வகையையே. இரும்பின் அளவு கூடினால் நிறம் பழுப்பாகவும் கருமையாகவும் மாறும். ஈயம் கலந்த மெருகில் இரும்பைச் சேர்த்து, காற்றோட்டமுள்ள சூளையில் குறைந்த வெப்பத்தில் சுட்டால் மஞ்சள் வரும். கோபால்ட் நீலம் தரும்.

இவற்றுள் மிகக் கடினமானது செம்பிலிருந்து பெறும் சிவப்பு. சூளையில் காற்று மிகுந்தால் செம்பு பச்சையாகிவிடும். வெப்பம் ஏறும்போது அது ஆவியாகிவிடவும் கூடும். ஏறத்தாழ 1,300 பாகை செல்சியசில், காற்று குறைந்த நிலையில், சரியான நேரம்வரை சுட்டால்தான் ஆழ்ந்த சிவப்பு தோன்றும். சற்றுப் பிசகினாலும் கலம் சாம்பல் நிறமாகவோ கல்லீரல் நிறமாகவோ வெளிவரும்.

ஓவியம் தீட்டிய கலத்தில் ஒரு சிறு கறையைப் பூவிதழோ முகிலோ மறைத்துவிடும். ஒருநிறக் கலத்தில் அதற்கு வழியில்லை. வடிவம் கோணியிருந்தாலும், மெருகில் ஊசிமுனையளவு துளை இருந்தாலும் உடனே தெரியும். அரண்மனைக்கு அனுப்பத் தகாதவை என்று கழிக்கப்பட்ட கலங்கள் ஜிங்தெசென் நகரின் அரசுச் சூளையில் உடைத்துப் புதைக்கப்பட்டன. அந்நகரின் சூசான் பகுதியில் நடந்த அகழாய்வுகளில் இத்தகைய உடைசல்கள் பெருமளவில் கிடைத்துள்ளன.

சோங் காலமும் ரூ கலங்களும்

சேகரிப்பாளர்கள் முதலிடம் தருவது ரூ கலங்களுக்கு. வடக்குச் சோங் அரசின் இறுதிக் காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் முடிவிலும் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இவை அரண்மனைக்காகச் செய்யப்பட்டன. நுணுக்கமாகப் பார்த்தால் இவை கற்பாண்ட வகையைச் சேர்ந்தவை. ஆனால் சீன மரபு கற்பாண்டத்தையும் பீங்கானையும் ஒரே சொல்லால் குறிப்பிடுவதால் இரண்டும் சேர்த்தே பேசப்படுகின்றன. மழை ஓய்ந்த வானம் போன்ற நீலப்பச்சை மெருகும், அடியில் எள் விதை வடிவில் காணப்படும் சிறு தாங்குதடங்களும் இவற்றின் அடையாளங்கள்.

தெற்குச் சோங் காலத்தில் வாழ்ந்த சௌ ஹுயி என்பவர், ரூ மெருகில் அகேட் கல் சேர்க்கப்பட்டது என்றும், அரண்மனை வேண்டாமென ஒதுக்கியவை மட்டுமே வெளியில் விற்க அனுமதிக்கப்பட்டன என்றும், தம் காலத்திலேயே அவை கிடைப்பது அரிது என்றும் எழுதினார். 1127ஆம் ஆண்டில் ஜூர்சென் படைகள் தலைநகர் கைஃபெங்கைக் கைப்பற்றின. அரசவை தெற்கே சென்று ஹாங்சௌவில் நிலைகொண்டது. ரூ சூளைகள் மறைந்தன. 1151ஆம் ஆண்டில் படைத்தலைவர் சாங் ஜுன் பேரரசர் கௌசோங்குக்கு அளித்த பரிசுகளின் பட்டியலில் 16 ரூ கலங்கள் இடம்பெற்றன. ஒரு தலைமுறைக்கு முன் அன்றாடப் புழக்கத்தில் இருந்த பொருள், அதற்குள் பேரரசருக்கே பரிசளிக்கத் தக்க அரும்பொருளாகிவிட்டது.

ரூ சூளை எங்கிருந்தது என்பதும் காலப்போக்கில் மறந்துபோனது. ஹெனான் மாகாணத்தின் பாவ்ஃபெங் வட்டத்தில் உள்ள சிங்லியாங்சி சிற்றூரே அந்த இடம் என்பது 1980களின் பிற்பகுதியில்தான் உறுதியானது. முழுமையாக எஞ்சியுள்ள பழைய ரூ கலங்கள் நூற்றுக்கும் குறைவு.

சோங் காலத்துப் பச்சை மெருகுக் கலங்கள் சீனாவுக்கு வெளியிலும் போற்றிக் காக்கப்பட்டன. இஸ்தான்புல்லின் டோப்காப்பி அரண்மனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செலடன் கலங்கள் உள்ளன. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் லாங்சுவான் சூளையைச் சேர்ந்த செலடன் கிண்ணம் ஒன்று இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அதில் விரிசல் விட்டபோது, ஜப்பானிய ஆட்சியாளர் அஷிகாகா யோஷிமாசா அதைச் சீனாவுக்கு அனுப்பி அதேபோல் வேறொன்று கேட்டதாக மரபுவழிச் செய்தி கூறுகிறது. அத்தகைய கலத்தை இனிச் செய்ய இயலாது என்று சொல்லி, இரும்புப் பிணைப்புகளால் விரிசலைத் தைத்துத் திருப்பி அனுப்பினார்களாம். அந்தப் பிணைப்புகள் வெட்டுக்கிளி போலத் தோன்றியதால் கிண்ணத்துக்கு அதையொட்டியே பெயர் வந்தது. தைத்த தழும்பே அதன் புகழாகிவிட்டது.

மிங் காலம்: சடங்குக்கு உரிய நிறங்கள்

மிங் அரசர்களின் காலத்தில் (1368–1644) நிறம் அரசச் சடங்கின் பகுதியாயிற்று. யோங்லே பேரரசர் வெண்ணிறக் கலங்களை விரும்பினார். சுவாந்தே ஆட்சிக்காலத்தில் (1425–1435) செம்புச் சிவப்பு உச்சநிலையை எட்டியது. ஹோங்சி ஆட்சிக்கால மஞ்சள் இன்றும் அதன் மென்மைக்காகப் பேசப்படுகிறது. 1530ஆம் ஆண்டில் ஜியாஜிங் பேரரசர் வழிபாட்டு மேடைகளுக்கான கலங்களின் நிறத்தை வகுத்தார்: வானத்துக்கு நீலம், நிலத்துக்கு மஞ்சள், கதிரவனுக்குச் சிவப்பு, நிலவுக்கு வெண்மை.

ஆனால் அந்நூற்றாண்டில் சுவாந்தே காலத்துச் செம்புச் சிவப்பைச் செய்யும் திறன் குன்றிவிட்டது. அதற்கு மாற்றாக, மெருகின் மேல் பூசிக் குறைந்த வெப்பத்தில் சுடும் இரும்புச் சிவப்பை ஏற்க அரண்மனை உடன்பட்டது. பேரரசர் ஆணையிட்டும் ஒரு நிறம் வராமல் போனதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

சேகரிப்போருக்கான வழிகாட்டி நூலும் மிங் காலத் தொடக்கத்திலேயே தோன்றியது. சாவ் சாவ் என்பவர் 1388இல் எழுதிய கெகு யாவ்லுன் என்னும் நூல், பழம்பொருள்களின் தரத்தையும் போலிகளை இனங்காணும் முறையையும் விளக்கியது. அக்காலத்திலேயே போலிகள் சந்தையில் இருந்தன என்பதற்கு அந்நூலே சான்று.

சிங் காலம்: பழையதைத் தேடிய சூளைகள்

சிங் அரசர்களான காங்சி (1661–1722), யோங்செங் (1722–1735), சியான்லோங் (1735–1796) ஆகியோரின் காலம் ஒருநிறப் பீங்கானின் இரண்டாவது பொற்காலம். இக்காலச் சூளைகளின் நோக்கம் பெரும்பாலும் இழந்ததை மீட்பதாகவே இருந்தது.

1705 முதல் 1712 வரை ஜியாங்சி மாகாண ஆளுநராக இருந்த லாங் திங்ஜியின் பெயரால் அழைக்கப்படும் சிவப்பு, சுவாந்தே காலச் சிவப்பைத் திரும்பப் பெறும் முயற்சியில் பிறந்தது. ஐரோப்பியர் இதனைக் காளை இரத்தம் என்றனர். வாய்விளிம்பில் மெருகு வழிந்து மெலிந்து வெண்கோடாக நிற்பதும், கீழே அடிவளையத்தைத் தாண்டாமல் நின்றுவிடுவதும் நல்ல கலத்தின் குறிகள். காங்சி காலத்தின் மற்றொரு செம்பு நிறம், இளஞ்சிவப்பில் ஆங்காங்கே பசும்புள்ளிகள் படர்ந்தது. மேலைநாட்டினர் அதைப் பீச் மலரோடு ஒப்பிட்டனர். சீனர்களோ தட்டைப்பயற்றின் நிறம் என்றனர். எழுதுமேசையில் வைக்கும் எட்டு வகைச் சிறு கலங்களில் மட்டுமே இம்மெருகு பெரிதும் பயன்பட்டது.

1728இல் ஜிங்தெசென் வந்த தாங் யிங் என்னும் அலுவலர் இம்முயற்சியை முறைப்படுத்தினார். அரண்மனையிலிருந்து பழைய கலங்கள் மாதிரிகளாக வந்தன. 1729இல் தம் உதவியாளர் ஒருவரை ஜுன் சூளைகள் இருந்த பகுதிக்கு அனுப்பி, பழைய மெருகின் செய்முறையைத் தேடச் செய்தார். 1735இல் அவர் தொகுத்த பட்டியலில் 57 வகைகள் குறிக்கப்பட்டுள்ளன. ரூ, குவான், கெ, ஜுன் ஆகிய பழைய வகைகளின் படிகளும் அவற்றுள் அடங்கும். தங்கத்திலிருந்து பெறும் இளஞ்சிவப்பு, எலுமிச்சை மஞ்சள் போன்ற புதிய நிறங்களும் இக்காலத்தில் சேர்ந்தன.

அரண்மனைக்குள் நிறம் படிநிலையையும் காட்டியது. உள்ளும் புறமும் மஞ்சளான கலங்கள் பேரரசிக்கும் பேரரசரின் தாய்க்கும் உரியவை. புறம் மஞ்சளும் உள்ளே வெண்மையும் கொண்டவை அடுத்த நிலையிலிருந்த முதல்தரத் துணைவிக்கு உரியவை. இன்று காட்சிப் பேழையில் இருக்கும் மஞ்சள் கிண்ணத்தின் உட்புறத்தைப் பார்த்தே அது யாருடைய தட்டில் இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிவது இதனால்தான்.

பழையதைப் போலச் செய்யும் திறன் போலிக்கும் வழிவிட்டது. ஜிங்தெசெனில் வாழ்ந்த பிரெஞ்சு ஏசுசபைத் துறவி தாந்த்ரகோல் 1712இல் எழுதிய கடிதம் இதைப் பதிவு செய்கிறது. புதிய கலத்தைக் கொழுப்பு மிகுந்த இறைச்சிச் சாற்றில் ஊறவைத்து மீண்டும் சுட்டு, பின் சாக்கடையில் ஒரு மாதத்துக்கு மேல் போட்டு வைத்தால், அது மூன்று நான்கு நூற்றாண்டுப் பழமை கொண்டது போல் வெளிவரும் என்று அவர் விவரித்தார்.

பேரரசர் சேகரிப்பாளரான காலம்

சேகரிப்பாளர் என்ற சொல்லுக்கு முழுப் பொருத்தமானவர் சியான்லோங் பேரரசர். அரண்மனைக் கலங்களை ஆராய்ந்து, தரம் பிரித்து, பெட்டிகள் செய்வித்து, அவற்றைப் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட கவிதைகள் எழுதினார். பல கலங்களின் அடியில் அக்கவிதைகளைச் செதுக்கவும் செய்தார்.

அவருடைய கண்ணும் தவறியதுண்டு. ரூ கலங்கள் சிலவற்றை அவர் வேறு சூளைகளுக்கு உரியவை என்று எழுதினார். விரிசல் கோடே இல்லாத நீள்வட்ட ரூ தொட்டியை நாய்க்கு உணவு வைக்கும் பாத்திரமாக எண்ணிப் பாடினார். நீர்மலர்ச்செடி வளர்க்கும் தொட்டி என்று இப்போது அறியப்படும் அது, தைப்பெய் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தின் தலையாய பொருள்களுள் ஒன்று. பல நூற்றாண்டு பழமையான மெருகில் எழுத்தைச் செதுக்குவதை இன்றைய காப்பாளர் எவரும் ஏற்கமாட்டார். ஆயினும் அந்தக் கீறல்களே கலம் அரண்மனையில் இருந்ததற்கான மறுக்கவொண்ணாச் சான்றாக இப்போது பயன்படுகின்றன.

அரண்மனை கலைந்தது

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை சிங் அரசச் சேகரிப்பை வெளியுலகம் பெரிதாக அறியவில்லை. 1860இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங் அருகிலுள்ள யுவான்மிங்யுவான் அரண்மனையைக் கொள்ளையிட்டன. பின் அது எரிக்கப்பட்டது. 1900இல் பாக்சர் கிளர்ச்சியை அடக்க வந்த எட்டு நாட்டுப் படைகள் தலைநகரைச் சூறையாடின. இரு நிகழ்வுகளிலும் ஏராளமான பீங்கான்கள் நாட்டைவிட்டு வெளியேறின.

1912இல் கடைசிப் பேரரசர் பூயி முடிதுறந்தார். ஆயினும் 1924வரை அவர் அரண்மனையிலேயே வாழ்ந்தார். வருவாய் குறைந்த அக்குடும்பம் கலைப்பொருள்களை வங்கிகளில் அடகு வைத்தது. அவற்றுள் மீட்கப்படாதவை விற்பனைக்கு வந்தன. 1925இல் அரண்மனை பொது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

ஜப்பானியப் படையெடுப்பு நெருங்கியதால் 1933இல் அருங்காட்சியகப் பொருள்கள் 13,000க்கும் மேற்பட்ட பெட்டிகளில் தெற்கே கொண்டு செல்லப்பட்டன. உள்நாட்டுப் போரின் முடிவில், 1948–49இல், அவற்றில் 2,972 பெட்டிகள் தைவானுக்குச் சென்றன. தைப்பெய் அருங்காட்சியகத்தில் இப்போது 21 ரூ கலங்கள் இருப்பது இதன் விளைவு. ஒரே சேகரிப்பு பெய்ஜிங்கிலும் தைப்பெய்யிலுமாகப் பிரிந்து கிடக்கிறது.

18,000 டாலர் சாடி

மேலைநாடுகளில் ஒருநிறப் பீங்கான் மீதான ஆர்வத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது 1886ஆம் ஆண்டு மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த ஓர் ஏலம். மேரி மார்கன் என்னும் செல்வச் சீமாட்டியின் மறைவுக்குப்பின் அவருடைய பொருள்கள் விற்கப்பட்டன. அவற்றுள் பீச் மலர் நிறமுடைய, ஏறத்தாழ எட்டு அங்குல உயரமுள்ள சாடி ஒன்று 18,000 டாலருக்குப் போயிற்று. அதை வாங்கியவர் பால்டிமோர் நகரச் செல்வரான வில்லியம் வால்டர்ஸ். செய்தித்தாள்கள் பல நாள் இதைப் பற்றி எழுதின; கேலியும் செய்தன.

புகழ் பரவியதும் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரத்துக் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்று அச்சாடியைப் போலவே கண்ணாடியில் செய்து விற்றது. அந்தக் கண்ணாடிப் படிகளும் இன்று தனியே சேகரிக்கப்படுகின்றன. மூலச் சாடி பால்டிமோரில் உள்ள வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வால்டர்ஸின் சேகரிப்பை ஆராய்ந்து எழுதியவர் ஸ்டீபன் புஷெல். பெய்ஜிங்கிலிருந்த பிரித்தானியத் தூதரகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் மருத்துவராகப் பணியாற்றியவர் அவர். சீன மூலநூல்களைப் படித்து அவர் 1890களில் வெளியிட்ட பெருநூல், மேலைச் சேகரிப்பாளர்களுக்கு முதல் உறுதியான அடித்தளமாக அமைந்தது.

பம்பாயில் பிறந்தவர், கொழும்பில் பொருள் ஈட்டியவர்

20ஆம் நூற்றாண்டின் இரு பெரும் சேகரிப்பாளர்களுக்குத் தெற்காசியாவோடு நேரடித் தொடர்பு உண்டு. சர் பெர்சிவல் டேவிட் 1892இல் பம்பாயில் பிறந்தார். பேங்க் ஆஃப் இந்தியாவை நிறுவியவர்களுள் முதன்மையானவரான சர் சாசூன் டேவிட் அவருடைய தந்தை. பெர்சிவல் டேவிட் சீன மொழி கற்றார். கெகு யாவ்லுன் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பெய்ஜிங்கின் உப்புத் தொழில் வங்கியில் அடகிலிருந்த அரண்மனைக் கலங்களில் ஏறத்தாழ நாற்பதை வாங்கினார். 1935–36இல் லண்டனில் நடந்த அனைத்துலகச் சீனக் கலைக் கண்காட்சியை முன்னின்று நடத்தினார். அதற்காகச் சீன அரசு அனுப்பிய பொருள்கள் பிரித்தானியப் போர்க்கப்பலில் வந்தன. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைக் கண்டனர். ஏறத்தாழ 1,700 கலங்கள் கொண்ட அவருடைய சேகரிப்பு 2009 முதல் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. 2024இல் அது அந்த அருங்காட்சியகத்துக்கே கொடையாக அறிவிக்கப்பட்டது.

மற்றவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பௌர் (1865–1951). இளம் வயதில் இலங்கை வந்த அவர், 1897இல் கொழும்பில் தம் பெயரில் நிறுவனம் தொடங்கி, உர வணிகத்தாலும் தென்னந்தோட்டத்தாலும் செல்வம் சேர்த்தார். நாடு திரும்பியபின் சீன, ஜப்பானியக் கலைப்பொருள்களைத் திரட்டினார். குறையற்ற சிங் கால ஒருநிறக் கலங்கள் அவருடைய சிறப்பு ஈடுபாடு. ஜெனீவாவில் 1964இல் திறக்கப்பட்ட பௌர் அருங்காட்சியகத்தில் அவை வைக்கப்பட்டுள்ளன.

உண்மையை அறியும் வழிகள்

ஒருநிறக் கலத்தின் காலத்தைக் கணிப்பது எளிதன்று. அடியில் எழுதிய ஆட்சி முத்திரையை மட்டும் நம்ப முடியாது. சுவாந்தே, செங்குவா போன்ற மிங் பேரரசர்களின் முத்திரைகளைச் சிங் காலக் குயவர்கள் தயங்காமல் எழுதினர். அதுபோல் காங்சி முத்திரையிட்ட 19ஆம் நூற்றாண்டுக் கலங்களும் நிறைய உண்டு. ஏமாற்றுவதற்காக எழுதியவையும், முன்னோரின் திறனைப் போற்றி எழுதியவையும் கலந்தே கிடைக்கின்றன.

எனவே தேர்ந்தவர்கள் முதலில் கலத்தைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அடிவளையம் எவ்வாறு சீவப்பட்டுள்ளது, மெருகற்ற மண்ணின் நிறம் என்ன, மெருகு எங்கே நின்றிருக்கிறது என்பன கவனிக்கப்படும். கலத்தின் எடை, உருப்பெருக்கியில் தெரியும் மெருகுக் குமிழிகளின் அமைப்பு, பயன்பாட்டால் ஏற்பட்ட இயல்பான தேய்மானம் ஆகியவையும் சான்றுகளாகும். வெப்ப ஒளிர்வுச் சோதனை கலம் கடைசியாகச் சுடப்பட்ட காலத்தைத் தோராயமாகக் காட்டும். ஆனால் அதற்குக் கலத்திலிருந்து சிறு மாதிரி எடுக்க வேண்டும். இவை எல்லாவற்றோடும், பழைய ஏலப் பட்டியல், கண்காட்சிப் பதிவு, அரண்மனைக் குறிப்பு ஆகியவற்றால் நிறுவப்படும் உடைமை வரலாறு தேவைப்படுகிறது. கொள்ளையிலும் கடத்தலிலும் வெளியேறிய பொருள்கள் பற்றிய கேள்விகள் எழுந்துள்ள இக்காலத்தில், அந்த வரலாறு விலையைப் போலவே நேர்மையையும் சார்ந்தது.

தமிழகக் கரையில் கிடைத்த உடைசல்கள்

சீன ஒருநிறக் கலங்கள் தமிழகத்துக்கு வணிகப் பொருளாக வந்தன. இராமநாதபுரம் மாவட்டத்தின் பெரியபட்டினத்தில் 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில், 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த லாங்சுவான் செலடன் உள்ளிட்ட சீனக் கலத்துண்டுகள் கிடைத்தன. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவும் பிறரும் தென்னிந்திய, இலங்கைக் கரைகளில் இத்தகைய துண்டுகளைத் தேடி ஆராய்ந்தனர். இலங்கையின் மாந்தைத் துறைமுகத்திலும் சீனக் கலத்துண்டுகள் கிடைத்துள்ளன.

இத்துண்டுகளுக்கு ஏலத்தில் விலை இல்லை. ஆனால் எந்த மண்ணடுக்கில், எந்தக் காசுகளோடும் ஓடுகளோடும் கிடைத்தன என்பது பதிவாகியிருப்பதால், எங்கிருந்து வந்தது என்று தெரியாத முழுச் சாடி சொல்லாத செய்தியை அவை சொல்கின்றன.

இன்றைய நிலை

கடந்த சில பத்தாண்டுகளில் சீனாவின் பொருளாதார வளர்ச்சியோடு சீனச் சேகரிப்பாளர்களே முதன்மை வாங்குவோராயினர். ஏலத்தின் மையம் லண்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் ஹாங்காங்குக்கு நகர்ந்தது. 2012இல் அங்கு ஒரு ரூ கலம் 20 கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டி விற்றது. 2017 அக்டோபரில் 13 செண்டிமீட்டர் அகலமே உள்ள, தூரிகை கழுவும் ரூ கிண்ணம் 29.43 கோடி ஹாங்காங் டாலருக்கு விலைபோனது. சோங் அரண்மனை எழுதுமேசையில் மைக்கறை கழுவச் செய்யப்பட்ட சிறு பாத்திரம் அது. பெரும்பான்மையான ரூ கலங்கள் அருங்காட்சியகங்களில் நிலைபெற்றுவிட்டதால், தனியார் வாங்கக் கூடியவையாக எஞ்சியுள்ளவை மிகச் சிலவே.